பிரிக்காத பொட்டலங்கள்

எனக்குக் கோவையாக எழுத வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்று இன்றும் தெரியாது. மறதியும் சேர்ந்துகொண்டது. காலையில் மாத்திரை போட்டேனா என்று சாயங்காலம் தம்பி பெண்டாட்டியைக் கேட்கிறவள் நான். முன்னே நடந்தது பின்னேயும் பின்னே நடந்தது முன்னேயுமாக வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு பித்தளைத் தட்டும், அதில் வாழையிலைத் துண்டில் மடித்து நார் சுற்றிய நாலு பொட்டலங்களும் மட்டும் மறக்கவில்லை. நாலும் ஒரே அளவு, ஒரே பச்சை. அதில் ஒன்றை எடுக்கச் சொல்லி என்னைச் சாமிக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

நான் ஸ்ரீரங்கத்தில் தம்பி வீட்டில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு, பிள்ளை குட்டி இல்லாத எனக்குத் தம்பி வீடுதான் வீடு. தம்பிக்கு மண்ணச்சநல்லூரில் ரைஸ் மில்லில் சூப்பர்வைசர் வேலை. சட்டைக் காலருக்குள் தவிட்டுத் தூளோடு வந்து சேருவான். நாள் கழித்துப் பிறந்த ஒரே மகள் அவனுக்கு. அவளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அவளுக்கு என்ன வரும் என்று கேட்டால் என்ன வராது என்றுதான் கேட்க வேண்டும். படம் போடுவாள். பாட்டு மூன்று தெரு தள்ளி ஒரு டீச்சரிடம் எட்டு வயதிலிருந்து கற்றாள். என் பழைய சுங்குடிப் புடவையை வெட்டி அவள் தைத்த பாவாடையைப் பார்த்துவிட்டு, எதிர் வீட்டு அம்மா கடை எது என்று விசாரித்தார். ஸ்கூல் ஆண்டு மலரில் கதையும் எழுதினாள். ஆனால் நான் வீட்டில் இருந்து பார்த்தது வேறு. மற்றவர்கள் சொல்வது போல நாலும் நாலு வேலையாக அவளிடம் நடக்கவில்லை. பாடிக்கொண்டேதான் வரைவாள். பாட்டு ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி நின்றால் கோடும் அங்கேயே சுற்றும். துணியில் ஊசி குத்தும்போது, அதை உடுத்தப் போகிறவளுக்கு ஒரு பெயர் வைத்து அவள் கதையைத் தனக்குள்ளே முணுமுணுப்பாள். குழம்பில் புளியும் உப்பும் கலந்த பிறகு எது எங்கே என்று எடுத்துக் காட்ட முடியுமா? எனக்கு அப்படித்தான் தோன்றியது. தோன்றியதைப் படித்தவர்கள் முன்னால் சொல்ல நாக்கு எழவில்லை.

பிளஸ் டூ முடிந்ததும் எல்லாரும் கேட்கத் தொடங்கினார்கள், என்ன மேஜர் எடுக்கப் போகிறாள் என்று. அந்த வார்த்தையே எனக்கு அப்போதுதான் தெரியும். திருச்சியில் ஒரு காலேஜுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த மேடம் கனிவாகத்தான் பேசினார். "எல்லாமே பிடிக்கும்னா எப்படிம்மா? ஒண்ணை மேஜரா எடுத்துக்கோ. மத்ததெல்லாம் ஹாபியா வெச்சுக்கோ" என்றார். அவள் தலையாட்டினாள். திரும்பும்போது பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியதும் என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "அத்தை, ஹாபின்னா நேரம் மிஞ்சினா செய்யறதுதானே? எதை மிச்சத்துல வெக்கறதுன்னு நீங்களே சொல்லுங்களேன்."

"எனக்கு என்னம்மா தெரியும்?" என்றேன். மழுப்பவில்லை, உண்மையைத்தான் சொன்னேன். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. பாலம் முடியும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். "வேற அப்பனா இருந்தா பி.காம்ல தள்ளிட்டு வேலையைப் பார்த்திருப்பான். நான் உன்னையில்ல கேக்கறேன்? பாட்டா, படமா, தையலா, தமிழா? ஒண்ணைச் சொல்லு, ஃபீஸ் கட்டிடறேன்" என்று தினமும் சோற்றுத் தட்டின் முன்னால் கேட்பான். அவள் ஒரு நாள் பாட்டு என்பாள். மறுநாள் படம் என்பாள். ஒன்றைச் சொன்ன உடனே மற்ற மூன்றுக்கும் துக்கம் விசாரிக்க வந்தவள் மாதிரி முகம் ஆகிவிடும். தம்பிக்குக் கோபம் வந்துவிடும். "நாலு கால் இருந்தாலும் மாடு ஒரு பக்கம்தான் போகும் பாப்பா!" என்பான். "மாட்டை யாரு கேட்டா?" என்பாள் அவள். அவள் அம்மா கரண்டியைத் தட்டில் தட்டி, "ரெண்டு பேரும் மாட்டை விட்டுட்டு சாப்பிடுங்க, ரசம் ஆறுது" என்பாள். சிரிப்போம். சிரித்துவிட்டு எழுந்திருக்கும்போது கடைசித் தேதி ஒரு நாள் குறைந்திருக்கும்.

கடைசியில் தம்பி பெண்டாட்டிதான் சொன்னாள், பூ கட்டிப் பார்த்துவிடலாம் என்று. எங்கள் ஆட்களில் கல்யாணம், நிலம் வாங்குவது, ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் அதுதான் வழக்கம். சிவப்புப் பூ ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ இன்னொன்றிலும் மடித்துக் குலதெய்வத்தின் முன்னால் வைப்பது. எந்தப் பூ வருகிறதோ அதுதான் சாமி வாக்கு. மகள் வேண்டாம் என்று சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "சரிம்மா" என்றாள். பாரத்தை யாராவது இறக்கினால் போதும் என்று நிற்கிறவளின் குரல் அது.

கோயில் மண்ணச்சநல்லூருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் கரையில் இருக்கிறது. பூசாரி நாலு பொட்டலத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "ஏம்மா, ஆமா இல்லேன்னு ரெண்டுதான் வழக்கம். இதென்ன நாலு? சாமி என்ன காலேஜா நடத்துது?"

"எங்க வீட்டுப் பொண்ணு அப்படி. நீங்க வைங்க" என்றாள் தம்பி பெண்டாட்டி. பாட்டுக்கு மல்லிகை, தையலுக்கு மரிக்கொழுந்து, தமிழுக்குச் சம்பங்கி, படத்துக்குச் செவ்வரளி என்று வீட்டிலேயே முடிவு செய்து கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அங்கேதான் சிக்கல். செவ்வரளியைத் தவிர மற்ற மூன்றும் இலையை மீறி மணத்தன. சின்னப் பிள்ளை எடுத்தாலும் வாசனை பிடித்து எடுத்துவிடும் என்று பூசாரி தயங்கினார். உடனே தம்பி சொன்னான்: "எங்க அக்கா எடுக்கட்டும். கொரோனா காய்ச்சலுக்கு அப்புறம் அதுக்கு வாசனையே தெரியாது. போன வாரம் பால் தீஞ்சு வீடே நாறுது, அடுப்புக்கிட்டயே உக்காந்திருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் எனக்குச் சபையில் முன்னால் போய் நின்று பழக்கம் இல்லை. என் கல்யாணத்திலேயே என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. ஒன்றை எடு என்று யாரும் என்னிடம் தட்டை நீட்டியதும் இல்லை. பூசாரி பொட்டலங்களைக் குலுக்கிக் கலைத்து வைத்தார். "கண்ணை மூடிக்கிட்டு எடுங்கம்மா, உங்க கை இல்ல, சாமி கை" என்றார். தம்பி மகள் என் பக்கத்திலேயே நின்றாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. சாமி, பிள்ளை அழக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டு கையை நீட்டினேன்.

பிரித்தால் செவ்வரளி.

தம்பி பெரிதாக மூச்சு விட்டான். அவன் பெண்டாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மகள் தட்டில் மிச்சம் இருந்த மூன்றையே பார்த்தாள். "அதையும் பிரிச்சுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். "கூடாது பாப்பா. வாக்கு வந்த பிறகு பிரிச்சா சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி" என்று பூசாரி எடுத்துப்போய் வாய்க்காலில் விட்டுவிட்டார். மூன்றும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு போயின. அவள் அழவில்லை. அழாமல் நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாமியிடம் கேட்டதும் அழக்கூடாது என்பதுதானே, பிறகு என்ன என்று மனசை அடக்கிக்கொண்டேன்.

கும்பகோணத்தில் படம் வரையக் கற்றுத்தரும் கல்லூரி. பரீட்சை மாதிரி வரைந்து காட்டச் சொன்னார்கள், முதல் தடவையிலேயே இடம் கிடைத்துவிட்டது. இப்போது இரண்டாம் வருஷம். சார்கள் மெச்சுகிறார்களாம். லீவில் வந்தால் பழையபடி கூடத்துத் தரையில் அட்டையை விரித்துக்கொண்டு உட்காருகிறாள். முன்னைவிட நன்றாக வரைகிறாள், எனக்கே தெரிகிறது. "பார்த்தியா, சாமி சரியாத்தான் சொல்லிச்சு" என்கிறான் தம்பி. நான் தலையாட்டுகிறேன். ஆனால் அவள் வாயை மூடிக்கொண்டு வரைகிறாள். பென்சில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. ஏம்மா பாடுறதில்லை என்று ஒரு முறை கேட்டேன். "ஹாஸ்டல்ல தூங்கறவங்க திட்டுவாங்க அத்தை. விட்டுப்போச்சு" என்றாள். வீட்டில் யார் திட்டப்போகிறார்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய முடியும் என்னால்?

போன லீவில், அவளும் நானும் அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தோம். தலை நிமிராமலே கேட்டாள்.

"அத்தை, அன்னைக்குக் கோயில்ல நீங்க முதல்ல வேற பொட்டலத்தைத்தானே எடுத்தீங்க?"

"நானா?"

"ஓரத்துல இருந்தது. கொஞ்சம் தூக்கிட்டு மறுபடி வெச்சுட்டீங்க. அப்புறம்தான் பக்கத்துல இருந்ததை எடுத்தீங்க. பூசாரி கற்பூரம் ஏத்திக்கிட்டு இருந்தார். அம்மாவும் அப்பாவும் கண்ணை மூடியிருந்தாங்க."

யோசித்துப் பார்த்தேன். எவ்வளவு யோசித்தாலும் மூடிய கண்ணின் இருட்டுதான் ஞாபகம் வருகிறது. "எனக்குத் தெரியலையேம்மா. அப்படி எடுத்திருந்தா ஏன் வெச்சேன்?"

"அதான் கேட்டேன். சும்மாதான். விடுங்க அத்தை."

"அதுல என்ன இருந்துச்சோ, யாரு கண்டா?" என்றேன், ஏதோ சமாதானம் சொல்கிறவள் மாதிரி.

அவள் ஒரு அவரைக்காயின் நாரை நுனிவரை இழுத்து எடுத்தாள். "நீங்க தூக்கினப்போ என் பக்கமா வந்துச்சு. எனக்கு வாசனை வந்தது" என்றாள். எது என்று சொல்லவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கும்பகோணத்துக்குப் போகும்போது வழக்கம்போல என் காலைத் தொட்டுவிட்டு, "போயிட்டு வரேன் அத்தை" என்று சிரித்தாள்.

இதில் பிழை இருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். பூவின் பெயர்கள் சரியா என்று தம்பி பெண்டாட்டி சொல்லட்டும். பூசாரி சொன்ன வார்த்தைகளைத் தம்பி சரிபார்க்கட்டும். அன்று கோயில் வேப்பமரத்தடியில் ஒரு குடும்பம் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தது. எந்த ஊர்க்காரர்களோ தெரியவில்லை. அவர்களில் யாராவது இதைப் படித்தால், நீங்கள் எங்கள் பக்கம் பார்த்திருந்தால், நீல நூல் புடவை கட்டிய ஒரு கிழவியின் கை முதலில் எந்தப் பொட்டலத்துக்குப் போனது, தூக்கினாளா, திரும்ப வைத்தாளா என்று மட்டும் சொல்லுங்கள். என்ன வாசனை வந்தது என்று தம்பி மகளைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.