அரைப்பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்போம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, மலைக்குப் போய், சொன்ன அளவு கொழுந்து பறித்தால் முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. அரைப்பேர் விழுந்த அன்று எங்கள் வீட்டு வரிசையான லயத்தில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

அந்தச் சொல்லைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோனவள் லயத்தில் என் பக்கத்து அறையில் இருந்த காம்பிராக்காரி. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் கால்கள் வலுவில்லை, சக்கர நாற்காலிதான். வட்டகொடையிலிருந்து இருவரும் ஒரே ரயிலில்தான் படிக்கப் போனோம். வாய் மட்டும் அவளுக்கு எனக்கும் சேர்த்து இருந்தது.

எங்கள் வகுப்பு மூன்றாம் மாடியில். மின்தூக்கி கிடையாது. தொடக்கத்தில் பையன்கள் அவளை நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். ஒருநாள் படியில் நாற்காலி சரிந்தது. "நான் என்ன கொழுந்து சாக்கா?" என்று கேட்டவள், அதற்குப் பிறகு யாரையும் தூக்கவிடவில்லை. ஊன்றுகோலோடு படித்த இன்னும் இரண்டு பேரும் அவளோடு கீழேயே நின்றுவிட்டார்கள்.

வரவு குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. நான் மேலே போய் வகுப்பில் உட்கார்ந்தேன். அவளோ தினமும் படியடிக்கு வந்து, மேலே பெயர் கூப்பிடும் நேரம் பார்த்து, "இருக்கேன்" என்று கத்தினாள். விரிவுரையாளர் காதில் விழுந்ததோ என்னவோ, கட்டடம் முழுக்க விழுந்தது.

துறைகளுக்கெல்லாம் தலைவரான பீடாதிபதி அவளைக் கூப்பிட்டனுப்பினார். நான்தான் நாற்காலியைத் தள்ளிப் போனேன். மனிதர் சிங்களத்தில் இதமாகத்தான் பேசினார். அவள் விடுதியில் இருந்தே படிக்கட்டும், குறிப்புகள் வந்து சேரும், வரவை அவளுக்கு மட்டும் போட்டுவிடலாம் என்றார். நான் மனதுக்குள் அவரைக் கும்பிட்டேன். இவள் தலையாட்டினால் போதும், பரீட்சை தப்பிவிடும்.

ஆட்டவில்லை. சிங்களத்தில் சரளமாகப் பேசிக்கொண்டு வந்தவள், சொல் கிடைக்காமல் தமிழுக்கு வந்தாள்.

"அது அரைப்பேரு சேர்."

அப்படியென்றால் என்ன என்று அவர் கேட்டார். தன் அம்மாவின் பெரட்டிலிருந்து தொடங்கி அவளே விளக்கினாள். வகுப்பில் உட்காரவைக்காமல் வரவு மட்டும் போடுவது எங்களைப் பாதி ஆளாகக் கணக்கு வைப்பது. மூன்று பேருக்கும் முழுப்பேர் வேண்டும், வகுப்பைக் கீழே இறக்குங்கள் என்றாள். பரீட்சையே போய்விடும் என்று தெரிந்துகொண்டுதான் சொன்னாள். எனக்கு அந்தத் தைரியம் ஏழு ஜென்மத்துக்கும் வராது.

சில வாரம் இழுத்தடித்து, பரீட்சைக்கு முன்பே வகுப்பைக் கீழ் மண்டபத்துக்கு மாற்றினார்கள். முதல் நாள் அவள் பெயரைக் கூப்பிட்டதும், பழக்கதோஷத்தில் மூன்று மாடிக்குக் கேட்கிற மாதிரி "இருக்கேன்" என்று கத்திவிட்டாள். விரிவுரையாளரே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கலங்கியது.

அன்று மாலை, மலையிலிருந்து இறங்கிய கையோடு அவளுடைய அம்மா போன் எடுத்துக் கூப்பிட்டார்.

"இன்னைக்கு எப்புடி புள்ள?"

"முழுப்பேரும்மா. மூணு பேருக்கும்."