முத்தி செய்த காலடி

என் மனைவி சுகிர்தராணிக்குக் கோயிலுக்குள் போனால் கை சும்மா இருக்காது. சொரூபத்தின் பாதம், சிலுவை, பீடத்தின் விளிம்பு, எதுவானாலும் தொட்டு, அந்த விரலை உதட்டில் வைத்து முத்தி செய்துவிட்டுத்தான் நகருவாள். மணப்பாட்டில் பிறந்த எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான், இவளுக்குக் கொஞ்சம் கூடுதல். அது ஜெர்மனியில் இவளை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் புஜைராவில் ஒரே அரபி வீட்டில் வேலை. நான் டிரைவர், அவள் சமையல். எஜமானி அம்மாவை நாங்களும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அங்கே பிள்ளைகள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடும். ஊருக்குப் போன் பேசும்போது சுகிர்தராணி, "மாமாவுக்குத் தலை பின்னிட்டு வாறேன்" என்பாள். "எந்த மாமாவுக்குக்கா தலை பின்னுத?" என்று அவள் தங்கச்சி சிரிப்பாள்.

மாமாவுக்கு நல்ல மனசு. இவளுக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடிக்க வைத்தவர். அவருக்குச் சர்க்கரை வியாதியால் ஒரு கண் முழுக்கப் போய்விட்டது. மற்றக் கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. 2005 கோடையில் ஆபரேஷனுக்காக மியூனிக் நகரத்துக்குப் போனார்கள். சக்கர நாற்காலி தள்ள நானும், கஞ்சி வைக்க இவளும் கூடப் போனோம்.

ஆபரேஷன் முடிந்து கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள். நாளைக் காலையில் கட்டைப் பிரித்தால்தான் பார்வை வருமா வராதா என்று தெரியும் என்றார் டாக்டர். வராவிட்டால் வேறு கண் இல்லை. சுகிர்தராணி சாப்பாட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

மாமாதான் சொன்னார். "ராணி, இன்றைக்கு என் மகள் கூட இருப்பாள். நீயும் ஞானையாவும் போய் ஊரைப் பாருங்கள். யல்லா, கிளம்புங்கள். வந்து எனக்குச் சொல்ல வேண்டும்."

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் வேலையில்லாமல் வெளியே போனது அன்றைக்குத்தான். தரைக்கு அடியில் ஓடும் ரயிலில் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"என்னங்க, யாரையும் கொண்டுபோய் விடாண்டாமா?"

"வேண்டாம்."

"கூப்பிட்டு வரவும் வேண்டாமா?"

"சும்மா இருளா."

ரயிலை விட்டு மேலே ஏறினோம். நான் பழக்கத்தில் பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். அவள் திரும்பிப் பார்த்து, "நான் என்ன மேடமா? பக்கத்துல வாங்க" என்றாள்.

பெரிய சதுக்கம். அதில் கருத்த கல்லில் ஒரு மாளிகை. கோபுரத்தின் நடுவில் மணி அடிக்க, ஆள் உயரப் பொம்மைகள் வெளியே வந்து சுற்றிச் சுற்றி ஆடின. குதிரையில் ஒருவன் மற்றவனைக் குத்த, குத்துப்பட்டவன் சாய்ந்தான். கூட்டம் முழுக்க அண்ணாந்து நின்றது. நாங்களும் வாயைத் திறந்தபடி நின்றோம். ஆட்டம் முடிந்ததும் நீரூற்றின் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த குபூஸ் ரொட்டியையும் முட்டையையும் சாப்பிட்டோம். "மாமா கேட்டா இந்தக் குதிரையைச் சொல்லணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பிறகு இரட்டைக் கோபுர மாதா கோயில். உள்ளே கால் வைத்ததும் அண்ணாந்தேன். வெள்ளை வெளேரென்ற தூண்கள், மேலே பார்க்கப் பார்க்க முடியவே இல்லை. மனுஷர் கையால் இப்படியும் கட்ட முடியுமா? மாதாவே, என்று நெஞ்சில் கை வைத்தேன்.

வாசலை அடுத்துத் தரையில் ஆட்கள் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால், கல்லில் ஒரு காலடி. ஒரு வெள்ளைக்காரர் தன் காலணிக் காலை அதில் வைத்து அளவு பார்த்தார். சுகிர்தராணிக்குப் பொறுக்கவில்லை.

"ஏய்யா, புனிதர் பாதத்துல செருப்புக் காலை வைக்கீரே, உமக்கே அடுக்குமா?"

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் முகம் புரிந்தது. காலை எடுத்துவிட்டு "ஸாரி" என்றார்.

இவள் முட்டுக்குத்தி உட்கார்ந்தாள். முந்தானையால் அந்தக் கல்லைத் துடைத்தாள். தொட்டு முத்தி செய்தாள். பிறகு பையிலிருந்து மாமாவின் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அந்தக் காலடியில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்தது. "எந்தப் புனிதரோ, பேர் தெரியல, கோவிச்சுக்காதீரும். எங்க மாமாவுக்கு அந்த ஒத்தக் கண்ணைக் குடுத்திரும்" என்று கேட்டாள்.

"அய்யோ சேச்சி!" என்று ஒரு குரல். மலையாளத்துக் கன்னியாஸ்திரி ஒருவர். நாகர்கோவிலில் படித்தவராம், தமிழ் நன்றாக வந்தது. "என்ன காரியம் செய்றீங்க? அது பிசாசோட கால்!"

சுகிர்தராணி கையை உதறினாள். கைக்குட்டை தரையில் விழுந்தது.

சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இங்கே சொல்லும் கதையைச் சொன்னார். ஜன்னலே இல்லாத கோயில் கட்டித் தருவதாக மேஸ்திரி பிசாசுக்கு வாக்குக் கொடுத்தானாம். பிசாசு வந்து இந்த இடத்தில் நின்று பார்த்தது. ஜன்னல் ஒன்றும் கண்ணில் படவில்லை. சந்தோஷப்பட்டு ஓர் அடி முன்னால் வைத்ததும் ஏமாந்தது தெரிந்து, ஆத்திரத்தில் திரும்பி வந்து, நின்ற இடத்திலேயே உதைத்த உதையாம் இது.

"புனிதரைக் கும்பிட வந்து இவங்க பிசாசுக்குல்லா முத்தி செஞ்சிருக்காங்க!" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க! நான் மாமா கண்ணை அவன்கிட்டயில்லா கேட்டுட்டேன்." அவள் கைக்குட்டையை நுனியில் பிடித்துத் தூக்கினாள். "நாளைக்கு என்னவும் ஆச்சுன்னா?"

என் சிரிப்பு அப்படியே நின்றது.

சிஸ்டர் அவள் தோளைப் பிடித்து அந்தக் காலடியிலேயே நிறுத்தினார். "பாருங்க. பக்கத்துல ஜன்னல் தெரியுதா?"

"தெரியல. நேர எதிர்ல, தூரத்துல ஒண்ணே ஒண்ணு."

"அந்தக் காலத்துல அதையும் உயரமான பீடம் மறைச்சிருந்ததாம். இப்ப முன்னால வாங்க."

வந்தாள். நானும் கூட வந்தேன். தூண்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஜன்னல்கள் வலது பக்கமும் இடது பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தது போல வெளிப்பட்டன. கூரை வரைக்கும் கண்ணாடி. அத்தனை வெளிச்சமும் அதுவரை அங்கேதான் இருந்திருக்கிறது. சுகிர்தராணி கையைக் குவிக்கக்கூட மறந்து நின்றாள்.

"நீங்க கேட்டது கேக்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும் சேச்சி" என்றார் சிஸ்டர்.

ஆனாலும் அறைக்கு வந்ததும் அந்தக் கைக்குட்டையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் துவைத்தாள்.

சாயங்காலம் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்கத் தெரியாதவள். சாத்தானுக்கு அரபியிலும் சைத்தான்தான், அந்த இடத்தில் அவள் திணறவில்லை. மாமாவுக்குச் சிரிப்புப் பொங்கியது. "மாமா, அசையாதீர்கள்!" என்று மகள் அதட்டினாள்.

"அங்கே நின்றால் ஜன்னல் தெரியாதா?" என்று கேட்டார் மாமா.

"தூரத்துல ஒண்ணுதான் தெரியும்."

"முன்னால் வந்தால்?"

"எல்லாம் தெரியும் மாமா."

சிரிப்பு போய்விட்டது. கட்டுப் போட்ட முகத்தை இவள் பக்கம் திருப்பி, "இன்னொரு தடவை சொல்" என்றார். இவள் முதலிலிருந்து சொன்னாள்.

மறுநாள் காலை டாக்டர் கட்டைப் பிரித்தார். சுகிர்தராணி கட்டிலின் காலடியில் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஜெபமாலையில் எந்த மணியில் இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

மாமா மெதுவாக முகத்தைத் திருப்பினார்.

"ஷுபாக்" என்றார். ஜன்னல்.

அந்த முகம் ஜன்னலிலிருந்து எங்கள் பக்கம் வந்தது.

"ராணி, உன் கையில் வெள்ளையாக என்ன ஆடுகிறது?"

கைக்குட்டை தானாக ஆடவில்லை. அவள் கிட்டே போய், மாமாவின் கையைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்தி செய்தாள்.

"இது யார் கை என்று பார்த்துக்கொண்டாயா?" என்றார் மாமா.