அத்தையின் தியாகம் என்று நான் சொன்னது

தேசபக்தி நல்ல குணமா என்று யாராவது கேட்டால் எனக்கு முகம் சுண்டிப்போகிறது. அந்தக் குணம் என்னிடம் வேண்டிய மட்டும் இருந்தது. உடம்பில் கதர், வாயில் ஓயாத பேச்சு.

ஊரெல்லாம் உப்புக் காய்ச்சிச் சட்டத்தை மீறிய வருஷம் அது. ராயபுரத்திலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் எர்ணாவூர்க் கரைக்குப் போய்க் கடல்தண்ணீரைப் பானையில் காய்ச்சினோம். சாம்பல் நிறத்தில், நாக்கில் வைத்தால் கசக்கிற உப்பு கிடைத்தது. அதையும் பத்திரமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தோம்.

என் அத்தை, அப்பாவின் தங்கை, கருவாடு போட்டுப் பிழைத்தவள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மீனுக்கு உப்புப் போடுவதற்கென்றே சர்க்கார் வேலி கட்டி ஒரு கொட்டகை வைத்திருந்தது. அனுமதிச் சீட்டு உள்ளவர்களுக்கு அங்கே வரியில்லாத உப்பு கிடைக்கும். வெளி உப்பு ஒரு பிடி உள்ளே வந்தாலும் சீட்டைப் பிடுங்கிவிடுவார்கள். சீட்டுப் போனால் பிழைப்பும் போச்சு. இது எனக்குத் தெரியாததல்ல.

"வெள்ளக்காரன் உப்பத் தொட்டுகினு கீறியே அத்த, வெக்கமா இல்ல?" என்று கேட்டேன்.

"மீனுக்கு இன்னா தெரியும் நைனா, எவன் உப்புன்னு?" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. மூன்று நாள் அவள் வீட்டில் கை நனைக்காமல் முறைத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அவளே, மீனுக்குப் போடுகிறேன் என்று பொட்டலத்தைக் கேட்டு வாங்கி மடியில் செருகிக்கொண்டாள்.

கொட்டகை வாசலில் சோதனை போட்ட சேவகன் அன்றே பிடித்துவிட்டான். கூட்டம் கூடியது. நானும் வேலிக்கு வெளியே நின்றேன். "யார் கொடுத்தான்னு சொல்லிடும்மா, சீட்டைத் திருப்பித் தந்துடறேன்" என்றார் அதிகாரி. அத்தையின் கண் என்மேல் ஒருமுறை பட்டு விலகியது.

"கரையில கெடந்துச்சு சாமி" என்றாள்.

ஜெயிலுக்குத் தயார் என்று மேடை மேடையாக முழங்கியவன் நான். முன்னால் நின்றவன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். அதிகாரி சீட்டைக் கிழித்துப் போட்டார்.

அதோடு விட்டேனா? ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் பொதுக்கூட்டம். தேசத்துக்காகப் பிழைப்பையே தூக்கி எறிந்த வீரத்தாய் என்று அத்தையைப் பற்றிப் பேசினேன். கைதட்டல் அடங்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்றவளை யாரோ மேடைக்கு இழுத்து வந்து மாலை போட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெட்கம் எல்லாம் பிறகு வந்ததுதான்.

கீழே இறங்கியதும் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

"தேசம்லாம் எனக்குத் தெரியாது நைனா. நீ ஜெயிலுக்குப் போயிட்டா எங்கண்ணன் தாங்காது. அதான் வாய மூடிக்கினேன்."

மறுநாள் அத்தை அதே கொட்டகைக்கு, அடுத்தவள் மீனைக் கழுவும் கூலிக்காரியாகப் போனாள். எனக்குத் தண்டையார்பேட்டையில் கூட்டம் இருந்தது. போனேன். அங்கேயும் வீரத்தாய் கதையைத்தான் பேசினேன்.