வாசலில் நிற்கிறவர் சொல்லட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சாமியைப் பார்க்கப் போனோம். சாமி இல்லை!

கோபித்துக்கொள்ளாதீர்கள். நாத்திகம் பேச வரவில்லை. நிஜமாகவே கருவறையில் ஆள் இல்லை. ஏன் போனோம், யார் யார் போனோம் — முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் பக்கத்து வீட்டு ஏழுமலை, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. அவர் மகள் கவிதாவுக்கும் ஆரம்பாக்கத்துப் பிரபுவுக்கும் கல்யாணப் பேச்சு. இரண்டு பேரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். அந்த பஸ்ஸில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பிரபுவின் அம்மா வசந்தாவுக்கு நெல் வயல் இருக்கிறது. பெண்ணையும் பிடித்திருக்கிறது. பிடிக்காதது ஒன்றே ஒன்று. என்னிடமே சொன்னார்.

“பொண்ணு தங்கம்ணே. ஆனா பொண்ணோட அப்பா இன்னா வேலை பண்றாருன்னு எங்க சனம் கேட்டா, கேட்டாண்ட நிக்கிறாருன்னா சொல்றது? வாட்ச்மேன் ஊட்ல பொண்ணு எடுத்தான்னு பேசுவாங்களே...”

ஏழுமலையை அவர் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை, முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. ‘வாட்ச்மேன்’தான்.

கடைசியில் வசந்தாவே ஒரு வழி கண்டுபிடித்தார். பூ வைத்துக் கேட்பது. நனைத்த பூவைச் சாமியின் இரண்டு தோளிலும் ஒட்டிவைக்க வேண்டும். வலது பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடது விழுந்தால் பேச்சு முடிந்தது.

“நம்ம ஊர்லயே கேக்கலாமேம்மா” என்றேன்.

“வேணாம்ணே. இங்க கீற சாமிங்களுக்கு ரெண்டு ஊட்டையும் தெரியும். சிபாரிசு பூந்துடும். நம்மள யாருன்னே தெரியாத சாமியா பாக்கணும்.”

இப்படி ஒரு நியாயத்தை எங்காவது கேட்டிருக்கிறீர்களா?

செல்போன் வீடியோவில் ஒரு குகைக் கோயிலைப் பார்த்துவைத்திருந்தார். காஞ்சிபுரம் தாண்டி, ஏரிக்கரைப் பாறையைக் குடைந்து செய்தது. கிளம்பினோம். பிரபு கார் ஓட்ட, பின்னால் வசந்தா, முன்னால் ஏழுமலை. அம்பயர் மாதிரி நான்.

வழியெல்லாம் கதைதான். பாண்டவர்கள் வனவாசத்தில் ஒரே ராத்திரியில் குடைந்த கோயிலாம் அது. வேலை முடிவதற்குள் கோழி கூவிவிட்டதாம். பீமன் உளியை வீசிவிட்டு எழுந்துவிட்டானாம்.

“அதான் ஒரு தூணு அரைகுறையா நிக்குது” என்றார் வசந்தா.

“நைட் ஷிப்ட்டு முடிஞ்சி சங்கு ஊதிட்டாங்கன்னு சொல்லு” என்றான் பிரபு.

நான் சும்மா இருக்காமல், “அது பல்லவ ராஜா பண்ணதும்மா” என்றேன்.

“ஏன், ராஜாவா உளி புடிச்சாரு?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போய்ச் சேர்ந்தோம். அடடா... என்ன அமைதி! பாறையின் வயிற்றில் ஒரு மண்டபம். முன்னால் தூண்கள் — கீழே சதுரம், மேலே சதுரம், நடுவில் மட்டும் மூலைகளைச் சீவி எட்டுப் பட்டை. தூண், உத்தரம், தரை எல்லாம் ஒரே கல். செங்கல்லும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. மற்ற கோயில்களைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டினார்கள். இதை எடுத்து எடுத்து உண்டாக்கியிருக்கிறார்கள். கட்டுகிற கோயிலில் ஒரு கல் உடைந்தால் வேறு கல் வைக்கலாம். இங்கே மூக்கு போனால் போனதுதான்!

வசந்தா பூவை நனைத்து எடுத்துக்கொண்டு கருவறைக்குள் எட்டிப் பார்த்தார். காலி. வெறும் பாறைச் சுவர்.

“சாமி எங்கண்ணே?”

“செவுத்துல வரைஞ்சி வெச்சிருப்பாங்க, அழிஞ்சிருக்கும்னு சொல்றாங்கம்மா...”

“இன்னாண்ணே இது, பேஜாரா பூட்ச்சி! இவ்ளோ தூரம் வந்து...”

பிரபுவின் பாக்கெட்டில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. கவிதா. அவன் எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வான்?

அப்போதுதான் வசந்தாவின் கண் வாசலின் பக்கம் திரும்பியது. இரு புறமும் துவாரபாலகர்கள். அதில் ஒருவர், தடித்த கதாயுதத்தின்மேல் உடம்பைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி, யார் வந்தாலும் எனக்கென்ன என்பதுபோல் நிற்கிறார்.

வசந்தா அவர் தோள்களில் பூவை ஒட்டினார். கை கூப்பினார்.

“ஐயா, உள்ள இருந்தவரு எங்க போனாருன்னு தெரியல. வாசல்ல நிக்கிற நீதான் சொல்லணும்.”

பிரபு சிரித்துவிட்டான். “யம்மா... யாராண்ட உத்தரவு கேக்கறன்னு தெரியுதா? வாட்ச்மேனாண்ட!”

வசந்தாவின் முகம் சுருங்கிவிட்டது. ஏழுமலைதான் முதலில் பேசினார்.

“சும்மா இரு தம்பி. அவங்க வேண்டிக்கினு கீறாங்க இல்ல?”

காத்திருந்தோம். ஏரிக் காற்று வந்து போனது. பூ அசையவில்லை. வசந்தா படியில் உட்கார்ந்தார். நான் உட்கார்ந்தேன். பிரபுவும் உட்கார்ந்தான். ஏழுமலை மட்டும் வாசல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார் — பழக்கம். வசந்தா கல்லில் நிற்கிறவரைப் பார்த்தார். பிறகு ஏழுமலையைப் பார்த்தார்.

“நாளெல்லாம் நின்னுக்கினே இருந்தா காலு நோவாதா?”

“நோவும்மா. இவருக்கு இன்னா, ஜாலியா சாஞ்சிக்கினு கீறாரு. எங்க கம்பெனில சாஞ்சா மெமோ குடுத்துருவாங்க.”

வசந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “உள்ள இருந்தவரே பூட்டாரு... இவரு இன்னும் டூட்டி பாத்துக்கினு கீறாரு” என்றார், யாரிடமும் இல்லாமல். அப்புறம் இட்லி டப்பாவைத் திறந்தார்.

“வந்து குந்துங்க சம்பந்தி. நாஷ்டா துன்னலாம்.”

சம்பந்தி!

ஏழுமலை திரும்பிப் பின்னால் பார்த்தார் — வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று! பிரபு போனை எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் ஓடினான்.

ஒரு சம்பந்தம் கூடிவர நாம் என்னவெல்லாமோ சேர்க்கப் பார்க்கிறோம். பவுன், சீர், மண்டபம்... சில இடங்களில் எதையும் சேர்க்க வேண்டாம் போலிருக்கிறது. ஒரே ஒரு வார்த்தையைச் செதுக்கி எடுத்துவிட்டால் போதும்.

பூவா? நாங்கள் கிளம்பும்வரை விழவே இல்லை. அதனாலென்ன... செக்யூரிட்டி தடுக்கவில்லை என்றால், உள்ளே போகலாம் என்றுதானே அர்த்தம்!