செல்லையா அண்ணனின் சாவி

குற்றாலத்தில், அருவிக்குப் போகிற பாதையிலேயே எங்கள் வீடு. ஐம்பதுகளின் கடைசி, எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். வாசல் கதவைப் பகலிலும் பூட்டித்தான் வைத்திருப்போம். திருடனெல்லாம் கிடையாது, குரங்குதான். ஒருதடவை அடுப்படி வரைக்கும் வந்து இட்லிச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனது. அதிலிருந்து கதவிலேயே பதித்த பூட்டு, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி. சாவி மூன்று. ஒன்று அப்பாவின் சட்டைப்பையில், ஒன்று அம்மாவின் இடுப்பில். மூன்றாவது எனக்குத்தான் என்று நான் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் தூக்கி அப்பா செல்லையா அண்ணனிடம் கொடுத்துவிட்டார்.

செல்லையா அண்ணன் தென்காசியில் ஓர் அனாதை விடுதியில் வளர்ந்தவன். பதினெட்டு வயது முடிந்தால் அங்கே இருக்க முடியாது. ஒரு வேட்டி சட்டையும் தகரப் பெட்டியும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அப்பா கணக்கு எழுதிய லாட்ஜில் வெந்நீர் போட ஆள் வேண்டியிருந்தது. அவனை அங்கே சேர்த்துவிட்டு, சொந்தக் காலில் நிற்கிறவரை நம்ம வீட்டு முன்னறையில் இருக்கட்டும் என்று கூட்டி வந்துவிட்டார். அம்மாவிடம் முன்கூட்டிக் கேட்டாரா, தெரியாது. எனக்குச் சாவி போன கோபம்.

முதல் நாள் சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். அம்மா உள்ளிருந்து யாரு என்றாள். "செல்லையா, மேல ரூம்!" என்று விறைப்பாகப் பதில் வந்தது. விடுதியில் அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். அங்கே இன்னும் இரண்டு செல்லையா இருந்தார்களாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "வீட்டுல என்னலே ரூமு கீமுன்னுக்கிட்டு? நான்தாம்னு சொன்னாப் போதும். எங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். இடுப்பில் சாவி தொங்கும், சாரல் முகத்தில் அடிக்கும், ஆனாலும் தட்டுவான். யாரு என்று உள்ளேயிருந்து கேட்கும்வரை நிற்பான். "நான்தாம்" என்பான், ஏதோ பரீட்சையில் பாஸான மாதிரி. அம்மாவின் சாவியை வாங்கிக்கொண்டு ஓடிப்போய்த் திறக்கிற வேலை என் தலையில். கையில் சாவியை வைத்துக்கொண்டு ஏன் தட்டுத என்று தினமும் சண்டை பிடிப்பேன். சிரித்துக்கொண்டே மடியிலிருந்து ஒரு மங்குஸ்தான் பழத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போவான்.

ஆடிச் சாரலில் குளிக்க வாசுதேவநல்லூரிலிருந்து அத்தை வந்தாள், அப்பாவின் அக்கா. செல்லையா அண்ணனைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் அம்மா கொல்லையில் இருந்தாள். நான் பலாச்சுளை தின்று கையெல்லாம் பிசினோடு உட்கார்ந்திருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. யாரு என்றாள் அத்தை. "நான்தாம்." அத்தைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"நான்தாம்னா எவம்லே? பேரு ஊரு கிடையாதா?"

"செல்லையா, மேல ரூம்" என்று வெளியே மெல்லக் கேட்டது.

"இங்கன மேல ரூமும் இல்ல, கீழ ரூமும் இல்ல. லாட்ஜு அங்கன இருக்கு, போ!"

ஐயோ அத்தை, அது நம்ம அண்ணன் என்று நான் கத்தி, அம்மா ஓடிவந்து கதவைத் திறப்பதற்குள் தெருவில் ஆளைக் காணோம். படியில் சாவியை வைத்துவிட்டுப் போயிருந்தான்.

லாட்ஜிலிருந்து வந்த அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் தென்காசிக்கு பஸ் ஏறினார். விடுதி வாசலில், கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தானாம். அவன் பாயில் புதிதாக வந்த ஒரு சின்னப் பையனைப் படுக்கவைத்தாகிவிட்டது, இனிமேல் உள்ளே விட வழியில்லை என்று சொல்லிவிட்டார்களாம். வேறெங்கே போவான்? அவனுக்குத் தெரிந்த வாசலே அந்த இரண்டுதான். இதையெல்லாம் அப்பா பிறகு அம்மாவிடம் சொன்னார்.

இங்கே அத்தை ஒரே புலம்பல். "நான் என்னத்தக் கண்டேன்? ஒரு வார்த்த சொல்லியிருக்கப்பிடாதா? பெத்தவ இல்லாத பிள்ளையப் போய் விரட்டிட்டேனே!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோறு வடித்து இறக்கிய நேரம், வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. "தட்டுலே," என்றார். அப்புறம் ஒரு சின்னத் தட்டல். அத்தைதான் அம்மாவிடம் சாவியை வாங்கி முந்திக்கொண்டு போனாள்.

"யாரு?"

நான் அம்மாவின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன்.

"நான்தாம்."

"நீதானாலே! வா, வா, சோறு ஆறுது" என்று கதவைத் திறந்த அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவனை உள்ளே கூட்டி வந்தாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான். அவன் போதும் போதும் என்கிறவரை அத்தை பரிமாறினாள். அப்பா சாவியை மறுபடியும் அவனிடமே கொடுத்தார்.

ஒரு கதவு திறந்ததற்கு இத்தனை பேர் ஏன் மூக்கை உறிஞ்சுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று சொல்லி அம்மாவிடம் ஒரு குட்டு வாங்கினேன். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிறவரை செல்லையா அண்ணன் தட்டிக்கொண்டுதான் வந்தான். நானும் முணுமுணுத்துக்கொண்டே திறந்தேன்.

இத்தனைக்கும் அப்பாவின் சட்டைப்பையிலும் ஒரு சாவி இருந்தது. அவரும் ஒருநாள்கூடத் தானாகத் திறந்துகொண்டு வந்ததில்லை. தட்டுவார், நான்தான் என்பார், நான் விழுந்தடித்து ஓடுவேன். அவரிடம் மட்டும் ஏன் தட்டுகிறீர்கள் என்று நான் கேட்டதே கிடையாது.