மூன்றாவது விசிலில் அணைக்கவும்

நான் வேலையை விட்டபோது அப்பா கத்தவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி, ஒரு வேளை சாப்பிடாமல் முறைத்து, விஷயத்தை அங்கேயே தீர்த்திருப்பேன். அவரோ ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "தசரா போனஸ் வரிக்கும் பாரு" என்றார்.

எங்களைப் போன்ற ரயில்வே குடும்பங்களுக்குக் காலண்டரில் ஒரே ஒரு நாள்தான் உண்டு. தசராவுக்கு முன்னால் போனஸ் வரும் நாள். புது ஃப்ரிட்ஜ், காதுகுத்து, அம்மாவின் கடைவாய்ப் பல் எல்லாமே அந்த நாளுக்காகக் காத்திருக்கும். என் வாழ்க்கையும் அந்த வரிசையில் போய் நின்றது. அதற்குள், நான் வீட்டில் உட்கார்ந்து எழுதிய போன் கேமிலிருந்து ஒரு தடவையாவது பாங்குக்குப் பணம் வர வேண்டும். வராவிட்டால் பாலாநகரில் ஒரு ஃபாக்டரிக்குப் போய், ஸ்டோரில் எத்தனை போல்ட்டு, எத்தனை நட்டு என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அப்பாவின் சிநேகிதர் எனக்காக அந்த நாற்காலியைத் துடைத்தே வைத்திருந்தார்.

கேம் இதுதான். திரையில் ஒரு குக்கர். மூன்றாவது விசிலில் அடுப்பை அணைக்க வேண்டும். நடுவில் காலிங்பெல் அடிக்கும், பக்கத்து வீட்டில் தயிர் கேட்பார்கள், டிவியில் மாமியார் மயங்கி விழுவார். எண்ணிக்கையைக் கோட்டைவிட்டால் குக்கர் வெடித்துப் பருப்பு கூரையில் அப்பிக்கொள்ளும். இதற்காகவா ஹைடெக் சிட்டியில் ஏசி ரூம் வேலையை விட்டாய் என்று கேட்டவர்களோடு நான் இப்போதும் பேசுவதில்லை.

கேம் இலவசம். தோற்றவர்களுக்கு ஒரு விளம்பரம் வரும். அதை அவர்கள் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் காசு. ஆசைப்பட்டுத் தொட்டால் இன்னும் கொஞ்சம். ஊரில் யார் வீட்டிலாவது பருப்பு கூரைக்குப் போனால்தான் எங்கள் வீட்டில் பருப்பு வேகும் என்ற ஏற்பாடு.

முதலில் ஆட வந்தவர்கள் லாலாகுடாவில் எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள். அங்கேதான் சனி பிடித்தது. அவர்கள் தோற்கவே மாட்டேன் என்றார்கள். அம்மா போனைப் பார்க்காமலே ஆடினாள். ஒரு கையில் கீரை ஆய்ந்துகொண்டு, கண்ணை சீரியலில் வைத்துக்கொண்டு, மூன்றாவது விசிலுக்குச் சரியாக மறு கையின் கட்டை விரலை வைத்தாள். பக்கத்து வீட்டு தெலுங்கு ஆண்டி நான் எழுதி வைத்திருந்த லெவல்களை எல்லாம் ஒரே மத்தியானத்தில் தீர்த்துவிட்டு, "அடுத்தது எங்கேம்மா?" என்று தெலுங்கில் கேட்டு வாசலில் நின்றார். ஒரு விளம்பரம்கூட ஓடவில்லை. கேஸ் சிலிண்டர்க்காரரை உள்ளே விட்டேன். நாத்தனாரின் போன் காலைச் சேர்த்தேன். அசைந்து கொடுக்கவில்லை. தினமும் இதையெல்லாம் சமாளித்துக்கொண்டேதானே அவர்கள் சமைக்கிறார்கள்!

"அம்மா, ஒரு தடவ தோத்துத் தொலையேன்!"

"நக்கோ, மாட்டேன். என் கையால பருப்பு தீயணுமா? வேற ஆள பாரு."

அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா கேட்டார். "இன்னாம்மா, ஊரே ஆடுதுன்றாங்க. துட்டு எங்க?"

நான் விளக்கினேன். வயிற்றெரிச்சலில் கொஞ்சம் விரிவாகவே விளக்கினேன்.

"அப்போ தோக்கணும். விளம்பரம் வந்தா தொடணும். அவ்ளோதானா?"

"ஹவ்" என்றேன். எங்கள் வீட்டில் 'ஆமாம்' எப்போதோ வழக்கொழிந்துவிட்டது.

அப்பா தலையாட்டிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். அந்தத் தலையாட்டலை நான் கவனித்திருக்க வேண்டும். அவரைப் போன்ற ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கனமான பொருள் எதைக் கண்டாலும் அது யாருடையது, ஏன் நகர்த்த வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். ஒருவர் "ஜோர் லகாகே!" என்று குரல் கொடுப்பார், மற்றவர்கள் "ஹைஸா!" என்று சேர்ந்து இழுப்பார்கள். ரயில் சக்கரம், மாடிக்கு ஏற்ற வேண்டிய பீரோ, நின்றுபோன கல்யாணம் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான். நகரவில்லை என்றால் ஆள் போதவில்லை என்று அர்த்தம்.

சில நாளில் என் கேமின் வருமான வரைபடம் ஏறத் தொடங்கியது. தினமும் சாயங்காலம், ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதிய கொஞ்ச நேரத்தில், செங்குத்தாக ஏறும். நான் துள்ளிக் குதித்தேன். காரணமும் உடனே கண்டுபிடித்தேன். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு என் கேமை ஆடுகிறார்கள்! மன அழுத்தத்தில் விசில் எண்ண முடியாமல் தோற்கிறார்கள்! இதைப் பற்றி வீட்டில் ஒரு நீண்ட சொற்பொழிவே ஆற்றினேன். மனிதர்களின் உளவியல், விசிலின் சுருதி, எனது தொலைநோக்கு என்று போனது அது. அப்பா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்து, "இன்னும் ஏறும் பாரு" என்றார்.

அந்த வாரக் கடைசியில் அம்மா என்னை உஸ்மானியா பிஸ்கட் வாங்க அனுப்பினாள். ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் பெஞ்சு கொள்ளாத கூட்டம். எல்லார் கையிலும் போன். எல்லார் போனிலும் என் குக்கர். நடுவில் அப்பா, டீ கிளாஸைக் கொடி மாதிரி உயர்த்திப் பிடித்து நிற்கிறார்.

"ஜோர் லகாகே!"

அத்தனை பேரும் விரலை மடக்கிக்கொண்டு சும்மா இருந்தார்கள். நான்காவது விசில், ஐந்தாவது விசில். அத்தனை குக்கர்களும் ஒன்றாக வெடித்தன.

"ஹைஸா!"

அத்தனை விரல்களும் விளம்பரத்தின் மேல் ஒன்றாக இறங்கின. ரிட்டயர் ஆகப்போகும் ஃபிட்டர் ஒருவர் மட்டும் குறைப்பட்டுக்கொண்டார். "கைக்குப்பா, ஏன் எனக்கு மட்டும் எப்பவும் கல்யாண மண்டப விளம்பரமே வருது?"

கடைக்காரர் தன் வைஃபையைத் தாராளமாகத் திறந்துவிட்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்து முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். விளம்பரம் தரும் கம்பெனியின் முதல் விதியே தெரிந்தவர்களை விட்டுத் தொடவைக்கக் கூடாது என்பதுதான். இங்கே ஒரே கூரை, ஒரே வைஃபை, ஒரே நொடி!

"அப்பா, இது ஏமாத்து வேலப்பா!"

"இன்னா ஏமாத்து? ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து எல்லாரும் ஒழைக்கிறாங்க."

மறுநாளே மெயில் வந்துவிட்டது. செல்லாத தொடுதல்கள், கணக்கு மூடப்பட்டது, சேர்ந்த பணம் விளம்பரம் கொடுத்தவர்களுக்கே திரும்பிப் போகும். நடந்ததை உள்ளபடி எழுதி முறையிட்டேன். முடியாது என்று அதே வாசகத்தில் பதில் வந்தது. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுதேன். கோபம் அப்பாமேல் இல்லை என்று சொன்னால் பொய். அவர்மேல்தான், முழுவதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மெல்லப் பேச்செடுத்தார். "அந்தக் கம்பெனிக்கு ஆபீஸர் யாரு? நேரா போய் பேசிட்டு வர்றேன்."

"ஆபீஸர்லாம் இல்லப்பா. மெஷின்தான் முடிவு பண்ணுது."

"மெஷினா?" அவர் முகத்தில் உயிர் வந்தது. "மெஷின்னா ரிப்பேர் பண்ணிக்கலாமே."

"ரிப்பேர் பண்ண முடியாது!"

"சரி, விளம்பரமே வேணாம். ஆளாளுக்குக் காசு குடுத்து கேம வாங்கிட்டா? அதுவும் தப்பா?"

"அது தப்பில்ல. உன் ஆளுங்க குடுப்பாங்களா?"

அங்கேயே போன் போட்டார். விரல் தேயத் தேயத் தொட்டுக்கொடுத்த அதே ஃபிட்டர் ஸ்பீக்கரில் பதில் சொன்னார். "காசு குடுத்து கேமா? நக்கோ பாய்!"

"பாத்தியா!" என்று நான் கத்தினேன். "நீ ஏன் கத்துற?" என்று அவர் கத்தினார். ஆறு மாதமாகப் பாக்கி இருந்த சண்டை அது, நன்றாகவே நடந்தது. அம்மா சமையலறை வாசலில் நின்று ஒரு முறை என்னையும் ஒரு முறை அவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் உள்ளே டமார் என்று சத்தம்.

ஓடிப் போய்ப் பார்த்தோம். சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு போயிருந்தது. கூரையெல்லாம் பருப்பு. ஃபேன் இறக்கையில் பச்சை மிளகாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒரு லெவலிலும் தோற்காத அம்மா, இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள்.

"விளம்பரம் ஒண்ணும் வரலியேடி?"

சிரித்ததில் எனக்கு வயிறு வலித்தது. அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரத் துணியோடு ஸ்டூலில் ஏறினார். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. நான் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் தெரியாத அந்த நேரத்தில் சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

"போனஸ் வர வரிக்கும் எதுக்குப்பா? நாளைக்கே பாலாநகர் போறேன்."

"எங்க போவ? அங்கதான் வேற ஆளு வந்தாச்சே."

"எப்போ?"

"நாந்தான் சொல்ட்டேன், எம்பொண்ணு வராதுன்னு."

"எப்பப்பா சொன்ன?"

அவர் துணியைத் திருப்பிப் பிடித்துக் கூரையைத் தேய்த்தார். "அன்னிக்கு சாப்புடும்போது வெளக்கிச் சொன்னல்ல. மறுநாளு."

மறுநாள். அப்போது என் கேமில் ஒரு பைசா வந்திருக்கவில்லை, ஒரு விளம்பரம்கூட ஓடியிருக்கவில்லை.

"யாரைக் கேட்டு சொன்ன நீ?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். ஸ்டூலை உருவிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. உருவவில்லை. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆட்டாதம்மா" என்றார் அப்பா. மேலே இன்னும் நிறையப் பருப்பு இருந்தது.