ஸ்டெல்லா எடுத்த கல்

எதிர்வீட்டில் மாடி எடுக்கிறார்கள். நேற்றுக் காலை கொத்தனார் தொட்டியில் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் விட்டார். அந்த வாடை ஜன்னல் வழியாக அடுக்களைக்குள் வந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. ஸ்ரீரங்கத்தில் நின்றுகொண்டே நான் காரைக்குப் போய்விட்டேன்.

காரை எங்கே இருக்கிறதென்று கேட்பீர்கள். திருச்சியிலிருந்து பெரம்பலூர் போகிற பஸ்ஸில் ஏறி, பாடாலூரில் இறங்கி, இன்னொரு பஸ் மாறிப் போக வேண்டும். அங்கே மண் வெள்ளையும் மஞ்சளுமாக, மழைத்தண்ணீர் அறுத்த ஓடைகளாக, கண்ணுக்கெட்டிய வரை மொட்டையாகக் கிடக்கும். மழை பெய்தால் இதே சுண்ணாம்பு வாடைதான் வரும். குனிந்து பார்த்தால் மண்ணில் சிப்பிகள் இருக்கும். கடல் எங்கேயோ இருக்கிறது, சிப்பி இங்கே என்ன செய்கிறது என்று முதல் தடவை திகைத்துப்போனேன். என்றைக்கோ அங்கே கடல் இருந்ததாம், அதிலிருந்ததெல்லாம் கல்லாகிவிட்டதாம். என்னோடு வந்த ஸ்டெல்லா, "நோவா காலத்து வெள்ளம் இந்தப் பக்கமாத்தான் வடிஞ்சிருக்கும் போல" என்றாள். அவள் விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவே நம்பினாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஸ்டெல்லா பாலக்கரைக்காரி. ஒரே ஆபீஸில் நாங்கள் இரண்டு பேரும் டைப்பிஸ்ட். வாரம் முழுக்க விரல் மட்டும்தான் நடக்கும், கால் மரத்துப்போய்க் கிடக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவோம். அவள் முதல் பூசையை முடித்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வருவாள், நான் ஸ்ரீரங்கத்திலிருந்து வருவேன். எந்த பஸ் முதலில் புறப்படுகிறதோ அதில் ஏறுவோம். முசிறிப் பக்கம் ஆற்றங்கரையோடு நடந்திருக்கிறோம். கூரையில்லாத ஒரு பழைய கோயிலில் கல்வெட்டின் மேல் சாய்ந்துகொண்டு சாப்பிட்டிருக்கிறோம். என் டப்பாவில் தயிர்சாதம், அவள் டப்பாவில் முட்டைப் பொடிமாஸ். பாதிப் பொடிமாஸ் எங்கே போயிற்று என்று என் புக்ககத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சும்மா நடப்பதற்காக இரண்டு பெண்கள் பஸ் ஏறி வருவார்கள் என்று எந்த ஊரிலும் யாரும் நம்பவில்லை. "யாரு வீட்டுக்கும்மா போறீங்க?" என்பார்கள். "யாரு வீட்டுக்கும் இல்லைங்க, சும்மா நடக்கறோம்" என்று ஸ்டெல்லா சொன்னால் சந்தேகம் இரண்டு மடங்காகும். ஒரு ஊரில் எங்களைக் குடும்பக் கட்டுப்பாட்டு நர்சுகள் என்று நினைத்துக்கொண்டு கைக்குழந்தைக்காரிகள் எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பஸ் வரும்வரை சிரித்துக்கொண்டே நின்றோம்.

காரைக்குப் போகிற வழியில் ஒரு அய்யனார் காடு. வெளியில் வெயில் கொளுத்தும், உள்ளே போனால் மதியம்கூடச் சாயங்காலம் மாதிரி இருக்கும். பெயர் தெரியாத பெரிய மரங்களும் கொடிகளும் பின்னிக்கொண்டு கிடக்கும். செருப்பை வெளியே விட வேண்டும். அங்கிருந்து காய்ந்த சுள்ளிகூட எடுத்துப்போகக் கூடாது, அது சாமி சொத்து. திரும்பும்போது ஸ்டெல்லா காட்டு விளிம்பில் நின்று புடவையை உதறி, ஒட்டியிருந்த முள்ளையெல்லாம் பொறுக்கி உள்ளேயே போட்டுவிட்டுத்தான் வருவாள். "உங்க சாமியோடது நமக்கு எதுக்கு?" என்பாள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்டைத் தாண்டிப் போய்த்தான் அவள் அந்தக் கல்லைக் கண்டுபிடித்தாள். கல்லான சிப்பியில் உடைந்த துண்டுகள்தான் எப்போதும் கிடைக்கும். இது முழுசு. உள்ளங்கை அகலம், கறுப்பும் காவியுமாக, கைமுறுக்கு சுற்றினதுபோல நடுவிலிருந்து சுழன்று சுழன்று, மேலெல்லாம் வரிவரியாக. அவள் ஓடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். "இது எனக்குன்னே இருந்திருக்கு பாரேன்" என்று கட்டைவிரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் பையின் காது அறுந்திருந்தது. அதனால் பஸ்ஸில், "உன் பையில வெச்சிரு, நாளைக்கு ஆபீஸ்ல வாங்கிக்கறேன்" என்று கொடுத்தாள்.

மண் போகட்டும் என்று நான் அதைக் கிணற்றடியில் ஒரு செம்புத் தண்ணீரில் போட்டு வைத்தேன். அதுதான் என் தப்பு. வேறு பாத்திரம் எடுத்திருக்கலாம். இல்லை, ஊறப்போடாமலே இருந்திருக்கலாம்.

இங்கே என் மாமியாரைப் பற்றி, நானும் அம்மா என்றே கூப்பிடுகிறவரைப் பற்றி, சொல்லியாக வேண்டும். தலைமுறையாக அந்தக் குடும்பத்தில் பெருமாளாகவே பாவித்து ஆராதனம் செய்துவந்த சாளக்கிராமக் கல், பாகம் பிரித்தபோது மூத்தவர் வீட்டுக்குப் போய்விட்டது. எங்கள் வீட்டுக் கோயிலாழ்வாரில், அதாவது பெருமாள் இருக்கிற மரப்பெட்டியில், படம் மட்டும்தான். அதை நினைத்து அம்மா தினமும் ஒரு தடவையாவது கண்கலங்குவார். அவர் காலையில் செம்புத் தண்ணீருக்குள் பார்த்தது சுழி போட்ட ஒரு கறுப்புக் கல்லை. சக்கரம் தெரிகிற சாளக்கிராமம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

"ஏண்டிம்மா, பெருமாள் எங்கேந்து எழுந்தருளினார்?" என்று கேட்டார்.

"காரையிலேந்துமா. அது வெறும் கல்லு. என் சிநேகிதி எடுத்தது, இன்னிக்குத் திருப்பிக் குடுக்கணும்."

"எடுத்தது யாரா இருந்தா என்ன? வந்தது நம்மாத்துக்குத்தானே." அவர் விழுந்து சேவித்துவிட்டார்.

என் கணவர் சிவில் படித்தவர், கல் தெரியும். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்களாவது சொல்லுங்கோ" என்றேன். "தெரியறது. அம்மா முகத்தைப் பாத்தியோ?" என்றார். பார்த்திருந்தேன். அதனால்தான் நானும் அதற்குமேல் பேசவில்லை.

ஆபீஸில் ஸ்டெல்லாவிடம் அப்படியே சொன்னேன். அவள் மெஷினில் பேப்பரைச் சொருகினாள். பிறகு சிரித்தாள். "சரி விடு. என் கல்லுக்கு யோகம், தினமும் பால் குளியல்" என்றாள். அதற்கப்புறம் திங்கட்கிழமைதோறும், "நம்மாளு எப்படி இருக்காரு, மாமி?" என்று விசாரிப்பாள். அவள் அப்படிச் சிரித்துக்கொண்டே கேட்கக் கேட்க எனக்கு உள்ளுக்குள் குறுகும்.

அதோடு போயிற்றா? சாளக்கிராமம் வீட்டுக்கு வந்துவிட்டால் ஒரு நாள் தவறாமல் திருமஞ்சனம், அதாவது அபிஷேகம், செய்ய வேண்டும், தளிகை பண்ணி, சமைத்ததைப் பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணின பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். திருமஞ்சனம் என் கணவர் பாடு. தளிகை யார் பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. "வாரநாள் நான் பாத்துக்கறேன். ஞாயித்துக்கிழமையாவது நீ மடியாப் பண்ணப்படாதோ?" என்று அம்மா கேட்டதில் நியாயம் இல்லையென்று என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போனோம். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை. பிறகு இல்லை.

ஸ்டெல்லா கொஞ்ச நாள் தனியாகப் போய்ப் பார்த்தாள். "ஒருத்தியாப் போனா, வழி தவறிட்டியாம்மான்னு கேக்கறாங்கப்பா. பதில் சொல்லி மாளலை" என்றாள். அப்புறம் மாதா கோயில் பாட்டுக் குழுவில் சேர்ந்துவிட்டாள். கல்லையும் வாங்கிக்கொண்டு, கூட நடக்கிற ஆளையும் இல்லாமல் பண்ணிவிட்டேன்.

எங்கள் வீட்டுக்கு அவள் எத்தனையோ தடவை வந்திருக்கிறாள். அம்மா அவளுக்கு நல்ல காபி கொடுப்பார், குழந்தைகளைப் பற்றி விசாரிப்பார். ஆனால் கூடத்தோடு சரி. உள்ளே மடி. தான் எடுத்த கல்லைப் பார்க்க அவள் ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை. ஒரு நாள் உள்ளறைப் பக்கம் பார்த்து மெதுவாக, "நல்லா இருக்காரா?" என்றாள். நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

அம்மா பரமபதித்து வருஷமாகிறது. இனி கொடுத்துவிடலாம் என்றால் இப்போது என் கணவருக்கு அது கல் இல்லை. சிவில் படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ.

போன மாதம் ஸ்டெல்லா சொல்லிக்கொண்டு போக வந்தாள். பாலக்கரை வீட்டை விற்றாயிற்று, பெங்களூரில் மகளோடு இருக்கப் போகிறாள். முட்டி இரண்டும் போய்விட்டது, ஆட்டோவிலிருந்து இறங்கவே நான் கை கொடுக்க வேண்டியிருந்தது. காரையில் இப்போது மோட்டார் சைக்கிளில் வந்து போட்டோ எடுக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். அய்யனார் காட்டில் பாதியை வெட்டி சிமெண்ட் மண்டபம் கட்டிவிட்டார்களாம். என் கணவர் பெரிய கோயிலுக்குப் போயிருந்தார்.

என்ன தோன்றிற்றோ, நான் எழுந்து உள்ளே போனேன். எங்கள் வீட்டில் சாளக்கிராமத்தைப் பெண்கள் தொடுவதில்லை. கோயிலாழ்வாரைத் திறந்து, கையை விட்டு எடுத்து, கூடத்துக்குக் கொண்டுவந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கட்டைவிரல் கல்லின் மேல் போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. கண்ணைத் திறந்து திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வரியெல்லாம் எங்கப்பா?"

நான் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். தினமும் பாலும் தண்ணீரும் விட்டு, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் சாத்தி, மறுநாள் அதைத் தேய்த்து எடுத்து, இத்தனை வருஷம். அதற்குமுன் மண்ணுக்குள் யுகக்கணக்காக அழியாமல் கிடந்ததை நாங்கள் பக்தியாகத் தேய்த்து எடுத்திருந்தோம். சுழி இருந்த இடத்தில் மங்கலாக ஒரு நிழல் மட்டும் இருந்தது.

"உன்னோடது. எடுத்துண்டு போ ஸ்டெல்லா. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அவள் அதை என் கையில் திருப்பி வைத்து விரல்களை மூடினாள். "நான் எடுத்த கல்லு இது இல்லப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்கவில்லை. "இது உங்க பெருமாள். உன் வீட்டுக்காரரு வர்றதுக்குள்ள உள்ள வெச்சிரு."

வைத்துவிட்டேன். அவள் காபி குடித்துவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனாள். பெருமாள் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். ஸ்டெல்லா எடுத்த கல் எங்கேயும் இல்லை.